முட்டை ஒட்டுண்ணி அட்டை: கட்டும் நாள், கட்டும் முறை, வளர்க்கும் முறை

கணு விட்ட கரும்பில் சோகையை (தண்டை மூடியிருக்கும் காய்ந்த இலையை) விலக்கிப் பார்க்கும்போது மேல்கணுக்களில் பென்சில் முனை அளவுக்குத் துளையும், துளை வாயில் ஈரமான எச்சமும் தெரிந்தால் இடைக்கணுப் புழு உள்ளே போய்விட்டது என்று பொருள். தண்டுக்குள் இருக்கும் புழுவை மருந்து எட்டாது. ஆறு மாதம் தாண்டிய தோட்டத்துக்குள் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு நுழையவும் முடியாது. எனவே இந்தப் பூச்சியை முட்டையாக இருக்கும்போதே மடக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவி.

குளவி என்றதும் கூடு கட்டிக் கொட்டுவதை நினைக்க வேண்டாம். இது அரை மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். சிவப்புக் கண், மஞ்சள் கலந்த பழுப்பு உடல். மனிதரைக் கொட்டாது. வெள்ளைத் தாளில் உட்கார்ந்தால் மிளகுத்தூள் நகர்வதுபோல் இருக்கும். தாய்க்குளவி அந்துப்பூச்சியின் முட்டையைக் கால்களால் அளந்து பார்த்து, ஓட்டைத் துளைத்து உள்ளே தன் முட்டையை வைக்கும். உள்ளே பிறக்கும் குளவிப்புழு, வளர வேண்டிய பயிர்ப்புழுவின் கருவைத் தின்றுவிடும். மூன்றாம் நான்காம் நாளில் முட்டை கருத்துவிடும். ஏழெட்டு நாளில் ஓட்டில் வட்டமாகத் துளையிட்டுப் புதிய குளவி வெளியே வரும். புழு பிறக்க வேண்டிய இடத்தில் இன்னொரு குளவி பிறக்கிறது.

இப்படிக் குளவி ஏறிய முட்டைகளை ஒட்டிய தாள்தான் அட்டை. அதைப் பூச்சிமருந்து டப்பாபோல் நினைப்பதால்தான் பலருக்கு இது பலிப்பதில்லை. மருந்தை அலமாரியில் வைத்துவிட்டு ஆள் கிடைத்த நாளில் அடிக்கலாம். அட்டையில் ஒட்டியிருப்பது நாள் குறித்த உயிர். குளவி வெளிவரும் நாளில் வயலில் புதிய முட்டை இருக்க வேண்டும், தெளித்த மருந்தின் நெடி இருக்கக் கூடாது, எறும்பு முந்தியிருக்கக் கூடாது. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்த ஒரு நாளைத் தவறவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடுகள்தாம்.

எந்த அட்டை, எத்தனை

டிரைக்கோகிரம்மாவில் பல இனங்கள் உண்டு. நம் ஊரில் அதிகம் புழங்குபவை இரண்டு. கரும்பு இடைக்கணுப் புழுவுக்கும் நெல் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். நெல் குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம். அட்டையைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. இரண்டும் ஒரே மாதிரிக் கருப்பு மணிகள் ஒட்டிய தாள்தான். எனவே இனத்தின் பெயர் எழுதாத அட்டையை வாங்க வேண்டாம்.

அளவு சி.சி. (கன சென்டிமீட்டர்) கணக்கில் சொல்லப்படும். வளர்ப்புக்குப் பயன்படும் கார்சைரா என்ற அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அளக்கும் கன அளவு அது. ஒரு சி.சி.யில் சுமார் 16,000 முதல் 18,000 முட்டை இருக்கும். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு கருத்து, கருத்ததில் நூற்றுக்கு எண்பத்தைந்து பொரிந்தால், ஒரு சி.சி.யிலிருந்து ஏறக்குறைய 13,000 குளவி வயலுக்கு வரும்.

கரும்புக்கு ஒரு முறைக்கு ஹெக்டேருக்கு 2.5 சி.சி., அதாவது ஏக்கருக்கு 1 சி.சி. நான்காவது மாதத்தில் கணு விடத் தொடங்கியதும் முதல் அட்டை. பிறகு 15 நாளுக்கு ஒன்றாக மொத்தம் ஆறு. ஜனவரி நடுவில் நட்ட தோட்டத்துக்கு மே 1, மே 16, மே 31, ஜூன் 15, ஜூன் 30, ஜூலை 15 என்று நாள்காட்டியில் இப்போதே வட்டமிட்டுக்கொள்ளுங்கள். மறுதாம்புப் பயிர் (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்ப்பது) சீக்கிரம் கணு விடும். அதில் மாதக் கணக்கைப் பார்க்காமல் கணுவைப் பார்த்து முதல் அட்டையை முன்னே இழுத்துக்கொள்ளுங்கள்.

ஆறில் இரண்டு கட்டிவிட்டு, 'ஒன்றும் தெரியவில்லை' என்று நிறுத்துவது பணத்தை வரப்பில் போடுவதுதான். இடைக்கணுப் பூச்சி அறுவடை வரை தலைமுறை தலைமுறையாக முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். தாய்க்குளவிக்கு வயலில் ஆயுள் ஒரு வாரம் என்றாலே அதிகம். அது முட்டையிட்டதில் பிறக்கும் அடுத்த தலைமுறை ஒன்பது, பத்து நாளில் வெளிவந்து இடைவெளியை ஓரளவு நிரப்பும். அது அடங்கும் நேரத்தில் அடுத்த அட்டை வந்து சேர வேண்டும்.

வாங்கும் இடத்தில்

பல சர்க்கரை ஆலைகள் தங்கள் கரும்பு விவசாயிகளுக்காகவே ஒட்டுண்ணி ஆய்வுக்கூடம் வைத்திருக்கின்றன. வேளாண்மைத் துறையின் ஒட்டுண்ணி வளர்ப்பு மையங்கள், கோவை வேளாண் பல்கலைக்கழகம், தனியார் கூடங்கள் ஆகியவற்றிலும் கிடைக்கும். எங்கு வாங்கினாலும் பத்து நாளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். அட்டையை இருப்பில் குவித்து வைத்து விற்க முடியாது. வைத்து விற்கிறார்கள் என்றால் அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

அட்டையில் இரண்டு தேதி இருக்க வேண்டும்: கூடத்தில் முட்டையின் மேல் குளவியை விட்ட நாள், புதிய குளவி வெளிவரும் நாள். முதல் தேதி 1 என்றால் 4ஆம் தேதி வாக்கில் முட்டை கருக்கும், 8 அல்லது 9ஆம் தேதி குளவி வரும். சித்திரை வெயிலில் இது ஒரு நாள் முந்தும், மார்கழியில் ஒன்றிரண்டு நாள் பிந்தும்.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஓர் ஓரத்தில் நூறு முட்டை எண்ணிப் பாருங்கள். பளபளப்பான கருப்பு முட்டையில்தான் குளவி இருக்கிறது. வெளிர்மஞ்சளாகவோ சப்பையாகவோ இருப்பது வீண் முட்டை. நூற்றில் 90 கருப்பு இருந்தால் நல்ல அட்டை. 80க்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுங்கள். கருப்பு முட்டையில் வட்டத் துளை தெரிந்தால் குளவி ஏற்கெனவே போய்விட்டது. அது வெறும் கூடு. அட்டையின் மேல் நூலாம்படைபோல் இழை ஓடியிருந்தால், கருவைக் கொல்லக் கூடத்தில் காட்டும் புறஊதா ஒளிக்குத் தப்பிய கார்சைரா புழுக்கள் பொரிந்து பக்கத்து முட்டைகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. அதையும் வாங்காதீர்கள்.

ஒவ்வொரு தடவையும் அட்டையிலிருந்து நகம் அளவுத் துண்டு ஒன்றை வெட்டிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வீட்டு நிழலில் வையுங்கள். வயலில் என்ன நடக்கிறது என்று தெரியாதபோது இந்தக் குப்பிதான் சாட்சி. குப்பியில் குளவி வந்து வயலில் பலன் இல்லை என்றால் கோளாறு கட்டிய விதத்தில். குப்பியிலேயே வரவில்லை என்றால் கோளாறு அட்டையில்.

பேருந்திலோ வண்டியிலோ கொண்டுவரும்போது காகித உறையில் போட்டு, ஈரத்துணி சுற்றிய பையிலோ தெர்மோகோல் பெட்டியிலோ வையுங்கள். ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலும், வெயிலில் நிறுத்திய கார் முன்கண்ணாடி ஓரத்திலும் அரை மணி நேரம் இருந்தால் போதும், அத்தனையும் வெந்துவிடும். கட்ட வேண்டிய நாளில் மழை வந்துவிட்டால், கருத்த ஆனால் துளை விழாத அட்டையைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், சுமார் 10 டிகிரியில் வைக்கலாம். ஒரு வாரம் வரை பெரிய நட்டம் இல்லை. மூன்று வாரம் என்பது கடைசி எல்லை. அதற்கு மேல் பொரிப்பு சரியும், வெளிவருபவையும் பறக்கத் தெம்பில்லாமல் இருக்கும். உறைபெட்டியில் வைத்தால் எல்லாம் செத்துவிடும்.

கட்டுவது

வெளிவரும் நாளுக்கு முந்தின மாலையில் கட்டுவது நல்லது. விடிகாலையில்தான் குளவிகள் அதிகம் வெளிவரும். முந்தின மாலை கட்டினால், அவை வெளியே வந்ததும் வெயில் ஏறுவதற்குள் இரண்டு மூன்று மணி நேரம் தேடுவதற்குக் கிடைக்கும். காலையில் கட்டுவதென்றால் ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். நண்பகலில் கட்டுவதைவிட ஒரு நாள் குளிர்பெட்டியில் வைப்பது மேல்.

ஒரு சி.சி. அட்டையைக் கத்தரிக்கோலால் 18 முதல் 20 துண்டாக வெட்டுங்கள். முட்டை ஒட்டிய பரப்பில் விரல் படக் கூடாது. ஓரத்தில் வெறும் தாள் கொஞ்சம் விட்டு வெட்டினால் பிடிக்க வசதி. இந்தக் குளவி காற்றோடு வெகுதூரம் அடித்துக்கொண்டு போகுமே தவிர, தானாகத் தேடிப் போவது பத்து மீட்டர் தூரத்துக்குள்தான். ஏக்கருக்கு ஒரே இடத்தில் முழு அட்டையைத் தொங்கவிட்டால் அந்த மூலை மட்டும் பிழைக்கும். பதினைந்து மீட்டருக்கு ஒன்றாகக் கட்டம் கட்டிக் கட்டுங்கள். காற்று வரும் பக்கத்து வரப்பில் துண்டுகளை நெருக்கி, எதிர்ப்பக்கத்தில் இடைவெளி விட்டுக் கட்டினால் இன்னும் நல்லது.

துண்டை உயிர்ப்புள்ள பச்சை இலையின் அடிப்புறத்தில், முட்டை ஒட்டிய பக்கம் தரையைப் பார்த்திருக்க, ஸ்டேப்ளரால் ஒரு பின் அடியுங்கள். பயிரின் நடு உயரத்தில் இருக்கட்டும். இலையோடு இறுக்கி ஒட்டிவிடாதீர்கள். பனி இறங்கினால் இடையில் நீர் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த சோகையில் கட்டினால் காற்றில் கழன்று விழும், எறும்புக்கும் அது ராஜபாட்டை. ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகை உரிக்கிறவர்கள் உரித்து முடித்த பிறகு அட்டை கட்டுங்கள். முந்தின நாள் கட்டிய அட்டையோடு சேர்த்து உரித்து வரப்பில் போடுவது அடிக்கடி நடக்கும் வேலை. கட்டுகிற ஆளுக்கும் உரிக்கிற ஆளுக்கும் ஒரே வாயால் சொன்னால் தீர்ந்துபோகும் பிரச்சினை இது.

கோடையில் கட்டுவதற்கு முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிவிடுங்கள். தோட்டத்துக்குள் வெப்பம் தணிந்து ஈரப்பதம் கூடும். மேலே 40 டிகிரி அடிக்கும்போது வறண்ட தோட்டத்தில் விட்ட குளவி அன்றே சாகும்.

எது கெடுக்கிறது

முதல் எதிரி மருந்து. அட்டை கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும் பூச்சிமருந்து வேண்டாம். முட்டைக்குள் இருக்கும் குளவிக்கு ஓடு கொஞ்சம் காப்பு, வெளிவந்த குளவிக்கு ஒன்றும் இல்லை. பைரித்ராய்டு வகைகளும் ஆர்கனோபாஸ்பரஸ் வகைகளும் இலையில் காய்ந்த பிறகும் பல நாள் கொல்லும். பலருக்குத் தெரியாதது கந்தகம். சாம்பல்நோய்க்கும் சிலந்திப்பூச்சிக்கும் அடிக்கும் கந்தகம் இந்தக் குளவிக்கும் ஆகாது. பக்கத்துத் தோட்டக்காரர் தெளிக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்திலிருந்து காற்று வீசினால் உங்கள் அட்டையும் போச்சு.

அடுத்தது எறும்பு. வெளிவரும் நாளுக்கு மூன்று நாலு நாள் முன்பே கட்டியவர்களின் அட்டையைப் போய்ப் பாருங்கள், முட்டை இருந்த இடத்தில் பிசின் தடம்தான் இருக்கும். எறும்பு அதிகமுள்ள தோட்டத்தில், சிறு பிளாஸ்டிக் குவளையைக் கவிழ்த்து உள்ளே துண்டை ஒட்டி, தொங்கவிடும் நூலில் கிரீஸ் தடவுவது பயன் தரும். இது மழைக்கும் குடை.

மழை. சாரலுக்கு அஞ்ச வேண்டாம். அடித்துப் பெய்யும் மழையில் அட்டை தப்பினாலும், அன்று வெளிவந்த குளவிகள் தப்புவதில்லை. கட்டிய மறுநாள் கனமழை என்றால் அந்த முறையைக் கணக்கில் சேர்க்காமல், கிடைத்தவுடன் மறு அட்டை கட்டுங்கள்.

பலித்ததா என்று பார்ப்பது

செத்த புழுவைத் தேடாதீர்கள். புழுவே பிறந்திருக்காது. கட்டி ஐந்தாறு நாள் கழித்துத் துண்டுகளைப் பறித்து லென்ஸில் பாருங்கள். வட்டத் துளை உள்ள முட்டைகளை எண்ணுங்கள். துளையில்லாத கருப்பு முட்டைகள் பாதிக்கு மேல் என்றால் வெப்பமோ, நெடுநாள் குளிர்பெட்டியில் இருந்ததோ காரணம்.

அடுத்து, இடைக்கணுப் பூச்சியின் முட்டைக் குவியலைத் தேடுங்கள். இலையில் இரு வரிசையாக, மீன் செதில் அடுக்கியதுபோல் தட்டையாக, வெள்ளையாக இருக்கும். இலைத் துண்டோடு வெட்டிக் குப்பியில் போட்டு நான்கு நாள் வையுங்கள். முழுவதும் மினுங்கும் கருப்பானால் குளவி ஏறிவிட்டது. பொரிக்கப்போகும் நல்ல முட்டையிலும் புழுவின் தலை கரும்புள்ளியாகத் தெரியும். அது புள்ளி மட்டும்தான், முட்டை முழுக்கக் கருக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் புழு பொரிக்கும் முட்டையைக் குளவி முட்டை என்று கணக்கெழுதுவது உண்டு.

முட்டைக் குவியல் கண்ணில் படவில்லை என்றால் ஆய்வுக்கூடத்தில் குளவி ஏறாத புதிய கார்சைரா முட்டைத் துண்டுகள் சில கேட்டு வாங்கி, தோட்டத்தில் பத்து இடத்தில் இரண்டு நாள் தொங்கவிட்டு எடுத்து வந்து வீட்டில் வையுங்கள். எத்தனை துண்டு கருக்கிறதோ அத்தனை இடத்துக்குக் குளவி போயிருக்கிறது.

நெல்லில்

முறை அதேதான், நாள் வேறு. குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம், நட்ட 30ஆம் நாளும் 37ஆம் நாளும். இலைச்சுருட்டுப் புழுவுக்குக் கைலோனிஸ், 37, 44, 51ஆம் நாள்களில். ஒவ்வொரு முறையும் ஹெக்டேருக்கு 5 சி.சி., ஏக்கருக்கு 2 சி.சி. நெல்லில் மறைவு குறைவு என்பதால் ஏக்கருக்கு 40 இடமாவது வேண்டும். இலையில் பின் அடித்தால் பாரம் தாங்காது. பயிருக்குச் சற்று மேலே நிற்கும் குச்சி ஊன்றி, கவிழ்த்த குவளைக்குள் ஒட்டுங்கள்.

குருத்துப்பூச்சி விஷயத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அதன் தாய் அந்து முட்டைக் குவியலைத் தன் உடல் ரோமத்தால் மூடி வைக்கும். குளவிக்கு மேலடுக்கு முட்டைகள்தான் எட்டும். எனவே இங்கே அட்டை மட்டும் போதாது. நாற்றின் நுனியைக் கிள்ளி நடுவது, விளக்குப்பொறி, முட்டைக் குவியலைப் பொறுக்குவது எல்லாம் சேர வேண்டும். இலைச்சுருட்டுப் புழுவின் முட்டை மூடாக்கு இல்லாமல் இலையில் கிடக்கும். அதில் குளவி நன்றாக வேலை செய்யும்.

சொந்தமாக வளர்ப்பது

இரண்டு மூன்று ஏக்கருக்காக இதில் இறங்காதீர்கள், வாங்குவதுதான் மலிவு. ஓர் ஊரோ உழவர் குழுவோ சேர்ந்து நூறு ஏக்கருக்கு மேல் கட்டுவதென்றால் யோசிக்கலாம். இரண்டு அறை வேண்டும். ஒன்று கார்சைராவுக்கு, மற்றது குளவிக்கு. ஒரே அறையில் வைத்தால் வளர்ப்புக்கு ஒதுக்கிய முட்டைகளிலும் குளவி ஏறி, அடுத்த மாதம் அந்துப்பூச்சியே இருக்காது.

அந்து வளர்ப்புக்கு ஒரு தொட்டிக்கு 2.5 கிலோ கம்பு. மருந்து கலக்காத கம்பாக இருக்க வேண்டும். இரண்டு மூன்றாக உடைத்து, 100 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றுங்கள். கம்போடு வரும் வண்டுகளும் சிலந்திப்பூச்சிகளும் அதில் சாகும். ஆறியதும் 0.1 சதவீத பார்மலின் கரைசலை லேசாகத் தெளித்து நிழலில் உலர்த்துங்கள். பூஞ்சணத்தைத் தடுக்கும், தானியத்துக்குத் தேவையான ஈரமும் ஏறும். பிறகு 100 கிராம் பொடித்த நிலக்கடலை, 5 கிராம் ஈஸ்ட், 5 கிராம் நனையும் கந்தகத் தூள், 0.05 சதவீத ஸ்ட்ரெப்டோமைசின் கரைசல் 10 மி.லி. சேர்த்துக் கலக்குங்கள். வயலில் குளவிக்கு ஆகாத அதே கந்தகம் இங்கே சிலந்திப்பூச்சியை அண்டவிடாமல் காவல் நிற்கிறது.

இந்தக் கலவையின் மேல் 0.5 சி.சி. கார்சைரா முட்டையைத் தூவி, நெருங்க நெய்த காடாத் துணியால் மூடி எலாஸ்டிக் போடுங்கள். புழுக்கள் கம்பை இழையால் பின்னிக் கட்டிகட்டியாக்கும். 40 நாள் வாக்கில் அந்து வரத் தொடங்கும், 90ஆம் நாள் வரை எடுக்கலாம். அதற்கு மேல் தொட்டியை வைத்திருந்தால் அது நோய்க்கும் பூச்சிக்கும் கூடாரம். கம்பு எச்சத்தை வெயிலில் போட்டு, தொட்டியைக் கழுவி, அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

துணி ஏன் நெருங்க நெய்திருக்க வேண்டும் என்றால், பிராக்கான் என்ற இன்னொரு குளவி. தென்னந்தோப்பில் நமக்கு வேண்டியவன், இங்கே திருடன். கார்சைரா புழுவைக் கொட்டி முடக்கி அதன் மேல் முட்டையிடும். தொட்டியில் அசையாத புழுவும் பக்கத்தில் சின்ன வெள்ளைக் கூடுகளும் கண்டால் அந்தத் தொட்டியை உடனே வெளியே கொண்டுபோய் அழியுங்கள். ஒரு தொட்டியை மிச்சம் பிடிக்கப் பார்த்து அறையையே இழந்தவர்கள் உண்டு.

அந்துகளைத் தினமும் உறிஞ்சுகுழாயால் பிடித்து, அடியில் கம்பிவலை வைத்த உருளையில் விடுங்கள். தேனும் நீரும் சமமாகக் கலந்து நனைத்த பஞ்சு அதற்கு உணவு. முட்டை வலை வழியே கீழே தட்டில் விழும். நான்கு நாள் வரை தினமும் காலையில் சேகரித்துச் சல்லடையால் செதில், கால், இறகுத் துணுக்குகளை நீக்குங்கள். இந்த வேலையில் முகக்கவசம் கட்டாயம். அந்தின் செதில்தூள் மூச்சில் ஏறித் தும்மலில் ஆரம்பித்து ஆஸ்துமாவில் முடியும். ஏற்கெனவே இழுப்பு உள்ளவரை இந்த அறைக்கு அனுப்பவே கூடாது.

அட்டை செய்ய, 100 மி.லி. நீருக்கு 10 கிராம் கருவேலம் பிசின் கரைத்து அட்டையில் மெல்லியதாகத் தடவி, முட்டையைத் தேநீர் வடிகட்டியில் போட்டு ஒற்றை அடுக்காகத் தூவுங்கள். ஒட்டாததை மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். முட்டை 24 மணி நேரத்துக்குள் இட்டதாக இருக்க வேண்டும். உலர்ந்ததும் புறஊதா விளக்கின் கீழ் 20 நிமிடம் வைத்தால் உள்ளே கரு சாகும். குளவிப்புழுவுக்கு உணவாவதில் குறை வராது. இதை விட்டுவிட்டால், குளவி ஏறாத முட்டையில் புழு பொரிந்து மற்றதையும் தின்னும். விளக்கு எரியும்போது வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், கதவைச் சாத்திவிட்டு வெளியே நில்லுங்கள்.

பிறகு பாலித்தீன் பையில் ஆறு பங்கு புதிய முட்டை அட்டையும், அன்று குளவி வெளிவரும் ஒரு பங்கு தாய் அட்டையும் போட்டு, உட்சுவரில் தேன்நீரைக் கோடாகத் தீற்றி வாயைக் கட்டுங்கள். இந்த 6:1 கணக்கைக் குறைக்காதீர்கள். குளவி அதிகமாகி முட்டை போதாமல் போனால் ஒரே முட்டையில் பலமுறை இடும். பிறப்பவை குட்டையாக, இறகு வளராததாக, ஆண் மிகுந்து இருக்கும். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் மட்டுமே பிறக்கும், ஆண் குளவியால் வயலுக்குப் பயன் இல்லை. வெளிச்சமும் சீராக இருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் பையை வைத்தால் குளவி எல்லாம் வெளிச்சம் வரும் மூலையில் குவிந்து, அந்த முனை மட்டும் கருத்து மறுமுனை வெளுத்தே இருக்கும். இரண்டு மூன்று நாளில் அட்டையை எடுத்து, தேதியும் இனமும் எழுதுங்கள்.

ஒரே வம்சத்தைக் கார்சைரா முட்டையிலேயே பல தலைமுறை ஓட்டினால், அறைக்குள் நன்றாக இனம் பெருக்கும், வயலில் தேடும் திறன் மங்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது தோட்டத்தில் கருத்த முட்டைக் குவியலைச் சேகரித்து அதிலிருந்து வந்த குளவியைக் கொண்டு தாய் வம்சத்தைப் புதுப்பியுங்கள், அல்லது பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் போன்ற இடத்திலிருந்து புதிதாக வாங்குங்கள்.

அட்டையில் வராத குளவிகள்

தென்னைக் கருந்தலைப் புழுவுக்குக் கோனியோசஸ் என்ற கருப்புக் குளவி, ஹெக்டேருக்கு 3,000. இது முட்டையைத் தாக்காது, புழுவைக் கொட்டி முடக்கி அதன் மேல் முட்டையிட்டு, குஞ்சு வளரும்வரை தாய் பக்கத்திலேயே காவல் இருக்கும். புழு இரண்டாம், மூன்றாம் பருவத்தில் இருக்கும்போது விட வேண்டும். மரத்தின் கொண்டையில் விடாதீர்கள். அங்கே சிலந்தியும் கொலைகாரப் பூச்சியும் காத்திருக்கும். மரத்தடியில் விட்டால் தானே ஏறிப்போகும். ஜனவரியிலிருந்தே தொடங்கினால் கோடையில் புழு பெருகாது.

மரவள்ளி மாவுப்பூச்சியின் கதை முற்றிலும் வேறு. 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு சேலம், நாமக்கல் பக்கம் பரவிய இப்பூச்சிக்கு, மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற குளவி வரவழைக்கப்பட்டு, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது. இதை 15 நாளுக்கு ஒருமுறை விட வேண்டியதில்லை. ஒருமுறை நிலைத்துவிட்டால் தானே பெருகும். நீங்கள் செய்ய வேண்டியது, குளவி ஏறி உருளையாகப் பழுப்பேறி இறுகிய மாவுப்பூச்சிகள் உள்ள நுனிகளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிள்ளி வந்து, உங்கள் செடிகளின் இடுக்கில் செருகுவது. அந்த நுனிகளை எரித்துவிடாமலும், அந்த வாரம் மருந்து அடிக்காமலும் இருந்தால், வெள்ளையாகத் தெரியும் உயிருள்ள மாவுப்பூச்சிக்கும் பழுப்பு உருளைக்கும் உள்ள விகிதம் மாறுவதை வாரா வாரம் எண்ணிப் பார்க்கலாம்.